வட்டக்கானலில் எழுந்த கேள்வியும் அறிஞர் அஸீஸின் வாழ்வும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த மறுவாரம், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த நான்கு குடும்பங்கள் ஒரே வேனில் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். ஏரிக்கரையின் நெரிசல் வேண்டாமென்று, நகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வட்டக்கானலில் தங்குவதென முன்பே முடிவு செய்திருந்தோம். சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் சிறு வீடுகள், ஓர் அருவி, டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கும் வேர் படர்ந்த ஒற்றையடிப் பாதை, அதற்கும் கீழே வெள்ளகவி வழியாகப் பெரியகுளத்துப் பக்கம் நடந்தே இறங்கும் பழைய வழி. வட்டக்கானல் என்றால் இவ்வளவுதான். மேகம் விலகும் சில நிமிடங்களில் கீழே சமவெளி முழுதும் தெரியும். மறுகணம் பக்கத்தில் நிற்பவரின் முகமும் மறைந்துவிடும்.

அஸ்ர் தொழுகையை முடித்துத் தேநீருடன் அமர்ந்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு தொடங்கியது. உடன் வந்த சகோதரர் ஒருவரின் மகள் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தாள். அடுத்து என்ன படிக்க வைப்பது? பெரியப்பா கணினி என்றார். மாமு பி.காம். என்றார், வங்கித் தேர்வு எழுதலாமாம். பக்கத்து வீட்டு அம்மையார், எதைப் படித்தாலும் பி.எட். முடித்துவிட்டால் கௌரவமான வேலை என்றார். பிள்ளையின் அத்தாவுக்கோ படிப்பைவிடத் தூரமே கவலை. "ஹாஸ்டல்ல விட மனசு ஒப்பல" என்று இரண்டு முறை சொன்னார். அரை மணி நேரம் இப்படியே ஓடியது. அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கடைசியில் அவளாகவே நம் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். ஊரில் கல்வி உதவிக் குழு நடத்துகிறவர்கள் என்ற முறையில் நம்மிடம் விடை இருக்கும் என்று எண்ணியிருப்பாள்.

நமக்கு உடனே வாய் திறக்கத் துணிவு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறோம். அன்றிரவு குளிரில் உறக்கம் பிடிக்காமல் கிடந்தபோது, இந்தக் கேள்விக்கு விடை சொல்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தோம். அந்த எண்ணத்தில் தோன்றியதே இக்கட்டுரை.

மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஒரு பதவி இருக்கிறது. எந்தத் துறை, எந்தப் பாடம், எந்த வரிசை என்று மாணவரோடு அமர்ந்து பேசுவதற்குக் கல்வி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களை வழிநடத்த ஒரு தலைவரும் இருப்பார். அமெரிக்காவில் இப்பணி தோன்றிய விதம் கவனிக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே கல்லூரிக்குள் நுழைந்த எல்லோரும் ஏறத்தாழ ஒரே பாடங்களையே படித்தனர். 1869இல் ஹார்வர்டின் தலைமையை ஏற்ற சார்லஸ் எலியட், மாணவர் தாமே தேர்ந்துகொள்ளும் விருப்பப்பாட முறையை விரிவாக்கினார். தேர்வுரிமை வந்தது, அதன் பின்னாலேயே தடுமாற்றமும் வந்தது. எனவே அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஹார்வர்டு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆசிரியர்களையே மாணவர் ஆலோசகர்களாக அமர்த்தத் தொடங்கின. 1972இல் பர்ன்ஸ் குரூக்ஸ்டன் என்ற அறிஞர், மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல் படிப்பை எழுதிக் கொடுப்பது ஆலோசனை ஆகாது, மாணவரோடு சேர்ந்து சிந்திப்பதே ஆலோசனை, அதுவும் கற்பித்தலின் ஒரு பகுதியே என்று எழுதினார். 1979இல் இத்தொழிலுக்கென அந்நாட்டில் ஒரு தேசியச் சங்கமும் அமைந்தது.

நம் கல்லூரிகளிலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக இருக்கத்தான் செய்கிறார். வருகைக் குறைவைக் கண்டிக்கவும், தேர்வுக் கட்டணத்துக்கான கடைசி நாளை நினைவூட்டவுமே அவருடைய நேரம் போய்விடுகிறது. குறை அவருடையதன்று; அறுபது எழுபது பிள்ளைகளை ஒருவர் எப்படி அறிவார்?

குரூக்ஸ்டனுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் உலமாக்கள் இந்தச் சிக்கலை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இமாம் புர்ஹானுத்தீன் ஸர்நூஜி (ரஹ்) எழுதிய 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற சிறு நூலை மத்ரஸாவில் ஓதிய ஹஜ்ரத்மார்கள் அறிவார்கள். கல்வி கற்கப் போகிறவன் எந்தக் கலையை, எந்த ஆசிரியரை, எந்தத் தோழனைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதற்கே அதில் தனிப் பகுதி உண்டு. கல்விக்காக புகாரா நகருக்குப் புறப்பட்ட ஒரு மாணவர் ஸமர்கந்தின் அறிஞர் ஒருவரிடம் யோசனை கேட்ட செய்தி அங்கே வருகிறது. போனவுடன் ஒரு ஆசிரியரிடம் அமர்ந்துவிடாதே, இரண்டு மாதம் பொறுத்திருந்து பார்த்துப் பின் தெரிவு செய், அவசரப்பட்டு அமர்ந்து பாதியில் எழுந்து போனால் இருவருக்கும் நல்லதன்று என்ற கருத்தில் அவர் அறிவுரை கூறுகிறார். இணையக் கலந்தாய்வில் சில நாள்களுக்குள் ஒரு பொத்தானை அழுத்திப் பிள்ளையின் மூன்று நான்கு ஆண்டுகளை முடிவு செய்துவிடுகிற நமக்கு அந்த இரண்டு மாதம் என்னும் சொல் சற்றே உறைக்கிறது.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. இமாம் புகாரி (ரஹ்) தொடக்கத்தில் ஃபிக்ஹு படிக்க இமாம் முஹம்மது பின் அல்ஹஸன் (ரஹ்) அவர்களிடம் சென்றதாகவும், அவருடைய இயல்பைக் கண்ட ஆசிரியர் ஹதீஸ் கலையின் பக்கம் அவரைத் திருப்பிவிட்டதாகவும் ஸர்நூஜி சொல்கிறார். காலக்கணக்கு இதற்கு இடம் தரவில்லை. முஹம்மது பின் அல்ஹஸன் ஹிஜ்ரி 189இல் மறைந்தார். இமாம் புகாரி பிறந்தது ஹிஜ்ரி 194. நிகழ்வு நிகழ்ந்ததா என்பது ஒருபுறமிருக்க, ஓர் ஆசிரியர் மாணவனைத் தன்னிடமே இருத்திக்கொள்ளாமல் அவனுக்குப் பொருந்திய துறைக்கு அனுப்பிவைப்பதை அந்தக் காலத்தவர் எவ்வளவு உயர்வாக மதித்தார்கள் என்பதற்கு இக்கதையே சான்று.

நம் மொழி பேசும் முஸ்லிம்களுள் இப்பணியை ஓர் அமைப்பாகவே கட்டியெழுப்பியவர் யார் என்று கேட்டால், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களைத்தான் நாம் சுட்டுவோம். 'கல்வி ஆலோசகர்' என்ற பதவிப் பெயர் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அரசு அதிகாரி, கல்லூரி முதல்வர், செனட்டர், எழுத்தாளர் என்றே நூல்கள் அவரைக் குறிக்கின்றன. ஆனால் அவருடைய வாழ்வை ஒருசேரப் பார்த்தால், படிக்க வேண்டிய பிள்ளையைக் கண்டுபிடிப்பது, அதற்கு வழி சொல்வது, வழிச் செலவைத் தேடுவது என்னும் ஒரே பணியே அத்தனை பதவிகளுக்கும் உள்ளே ஓடுகிறது.

1911 அக்டோபர் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அவர் பிறந்தார். தந்தை அபூபக்கர் வழக்கறிஞர். காதி நீதிபதியாகவும் இருந்தவர். பிள்ளை குர்ஆன் மத்ரஸாவில் ஓதினான். பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயம். அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. இன்றைக்கு இதை வாசிக்கும் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். தீனும் தமிழும் அந்த இளம் மனத்தில் ஒன்றையொன்று நெருக்கவில்லை என்பதைப் பின்னாளில் அவர் எழுதிய நூல்களே காட்டின. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயின்று தேறி, அரசின் உதவிச் சம்பளம் பெற்று 1934இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே இருக்கும்போதே இலங்கைச் சிவில் சேவைத் தேர்வில் வெற்றி பெற்றார். 1935இல் பணியில் சேர்ந்தார். அச்சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவரே. ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தப் பதவியின் பெருமை எத்தகையது என்று நம் பாட்டன்மாரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கலெக்டர் வேலைக்கு ஒப்பானது. அந்தப் பெருமைக்காக அவர் கேம்பிரிட்ஜ் படிப்பை முடிக்காமலே திரும்பினார். பின்னாளில் எத்தனையோ மாணவர்களுக்குப் படிப்பைத் தொடர வழி செய்தவர், தாமே ஒரு படிப்பைப் பாதியில் விட்டவர் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய ஊர் கல்முனை. 1942இல் போர் இலங்கையின் வாசலுக்கே வந்துவிட்டது. ஏப்ரல் மாதத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கிழக்குக் கரையின் வயல்களில் நெல் விளைச்சலைப் பெருக்க அரசு முனைந்தபோது, கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அனுப்பப்பட்டார். அவருக்கு இடப்பட்ட வேலை உணவு உற்பத்தி. அவர் கண்டதோ வேறொரு பஞ்சம். முஸ்லிம் உழவர்களும் மீனவர்களும் நெசவாளர்களும் செறிந்து வாழும் அந்தக் கரையில், பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் தொடக்கப் பள்ளிக்கு மேல் ஏணி இல்லை. எங்கே போய்ப் படிப்பது, யாரிடம் விண்ணப்பம் கேட்பது, செலவு எவ்வளவு என்று சொல்லவும் ஆளில்லை. நெல்லுக்காக வந்த அதிகாரியின் முயற்சியால் அங்கே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்று உருவாயிற்று.

கல்முனைக்கு அருகில்தான் காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அந்தத் துறவிக்கும் இந்த முஸ்லிம் அதிகாரிக்கும் நட்பு மலர்ந்தது. அந்நட்பின் வேறொரு கிளை பின்னால் எங்கே போய் முடிகிறது என்பதைச் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

கொழும்பு திரும்பிய அஸீஸ், 1945 மே மாதத்தில் 'இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி'யைத் தோற்றுவித்தார். திறமை இருந்தும் பணமில்லாத காரணத்தால் எந்த முஸ்லிம் பிள்ளையின் உயர்கல்வியும் நின்றுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஏழைப் பிள்ளைக்கு உதவுவது நம் சமூகத்துக்குப் புதிதன்று. ஜகாத்தும் ஸதகாவும் என்றும் இருந்தன. ஆனால் வீட்டு வாசலில் வந்து நின்றவருக்குக் கொடுக்கும் பழக்கம் வேறு; எந்த மாணவன் எந்தப் படிப்பை எங்கே தொடர்கிறான் என்று விசாரித்து, அது முடியும்வரை உடன் நிற்கும் ஏற்பாடு வேறு. நிதியம் ஒன்று அமைந்துவிட்டால் விண்ணப்பம் வரும். விண்ணப்பம் வந்தால் பிள்ளையை உட்கார வைத்துப் பேசித்தான் ஆக வேண்டும். பண உதவி ஆலோசனையையும் கையோடு அழைத்து வந்துவிடுகிறது.

மூன்று ஆண்டுகள் சென்றன. 1948இல் அஸீஸ் சிவில் சேவையை உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் முதல்வரானார். அப்போது அவருக்கு வயது 36. முன்னர் எந்தப் பதவிக்காகக் கேம்பிரிட்ஜை விட்டாரோ அந்தப் பதவியை இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்காக விட்டார். சம்பளம், ஓய்வூதியம், அரசு மாளிகை ஆகிய அனைத்தும் போயின. உறவினர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நம் வீடுகளை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம்.

ஸாஹிரா சாதாரணப் பள்ளியன்று. 'முஸ்லிம் நேசன்' இதழையும், தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான 'அசன்பே சரித்திர'த்தையும் தந்த அறிஞர் சித்தி லெப்பையும், வாப்பிச்சி மரைக்காரும் முன்னின்று 1892இல் தொடங்கியது அது. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த உராபி பாஷாவின் ஊக்கமும் அதன் பின்னணியில் இருந்தது. ஆங்கிலப் படிப்பு ஈமானைக் கெடுத்துவிடும் என்று அஞ்சிய காலத்தில், தீனையும் உலகக் கல்வியையும் ஒரே கூரைக்குள் வைக்கத் துணிந்தவர்கள் அவர்கள். 1921 முதல் டி.பி. ஜாயா அதைப் பேணி வளர்த்தார். அவர் அமைச்சராகிவிட, அந்த நாற்காலிக்குத்தான் அஸீஸ் வந்தார். 1961 வரை இருந்தார். ஸாஹிரா என்றேனும் ஒரு பல்கலைக்கழகமாக மலர வேண்டும் என்ற அவா அவருக்கு இருந்தது. அது நிறைவேறவில்லை. ஆனால் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் பாதையாக அக்கல்லூரியை அவர் ஆக்கினார்.

அவர் யாரை அங்கே சேர்த்தார் என்பதைப் பார்த்தால் அவருடைய நோக்கு விளங்கும். கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிராவில் படித்தார்; பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். தமிழ் இலக்கிய வரலாற்றை உலகமே மதிக்கும் வகையில் எழுதிய பேராசிரியர் சிவத்தம்பி அவர்தாம். முஸ்லிம் கல்லூரியின் முதல்வர் தம் வாசலைப் பிற சமயப் பிள்ளைக்கும் திறந்து வைத்திருந்தார். தாம் இந்துக் கல்லூரியில் பெற்றதை அவர் இங்கே திருப்பிக் கொடுத்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி அந்த மற்றொரு கிளைக்கு வருவோம். 1943இல் விபுலாநந்தர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் மறைந்துவிட்டார், நான்கே ஆண்டுகள்தாம். அந்தக் குறுகிய காலத்தில் பாணந்துறையிலிருந்து ஓர் இளைஞர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பெயர் உவைஸ். சுற்றிலும் சிங்களம் பேசும் ஊரில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளை. அவரைத் தமிழைத் தம் துறையாகக் கொள்ளும்படி ஊக்கியவர் விபுலாநந்தரே. முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டை ஆராய வேண்டிய தேவையை ஓர் இந்துத் துறவி முஸ்லிம் மாணவருக்கு உணர்த்தினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த மாணவர் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டையே முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வுப் பொருளாக எடுத்தார். அந்த ஆய்வு 1953இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. ஸாஹிராவில் அஸீஸின் கீழ் அவர் ஆசிரியராகவும் இருந்தார். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஓர் இருக்கையை அமைத்தபோது, அதில் அமரக் கடல் கடந்து வந்தவர் இந்த ம.மு. உவைஸ்தான். பேராசிரியர் பீ.மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து அவர் எழுதிய 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' பல தொகுதிகளாக அப்பல்கலைக்கழகத்தின் வெளியீடாகவே வந்தது. நம் வீடுகளில் ஓதப்பட்ட மாலைகளும் கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் படைப்போர்களும் இலக்கியம் என்ற தகுதியோடு பல்கலைக்கழகப் படியேறியதில் அந்த மனிதரின் பங்கு பெரிது. நாம் அன்று நின்றிருந்த கொடைக்கானல் மலை, 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை அதே மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. கொழும்பில் ஒரு மாணவரிடம் சொல்லப்பட்ட சொல், முப்பது ஆண்டுகளுக்குப் பின் நம் மலையடிவாரத்தில் வந்து விளைந்தது.

விபுலாநந்தர் அன்று அந்தப் பிள்ளையிடம், தமிழ் படித்தால் வேலை கிடைக்காது, வேறு ஏதேனும் பார் என்று சொல்லியிருந்தால்? நல்ல எண்ணத்துடனேயே சொல்லியிருக்கலாம். நாம் அப்படித்தான் சொன்னோம்.

முன்னே சொல்வதாகச் சொன்ன காரணம் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத் மண்டபத்தில் நாம் நடத்திய கல்வி வழிகாட்டி முகாமுக்கு ஒரு பையன் வந்தான். மளிகைக் கடையில் எடை போடுபவரின் மகன். தமிழில் மிக நல்ல மதிப்பெண். தமிழ் இலக்கியம் படிக்கலாமா என்று கேட்டான். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அவனுக்கு நாம் ஒதுக்கிய நேரம் ஐந்து நிமிடம் இருக்குமா என்பதே ஐயம். பொறியியல் சேர்ந்துகொள், கட்டணத்தை நாம் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். அவனுடைய அத்தா நம் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். வாக்குக் கொடுத்தபடி பணமும் கட்டினோம். இரண்டாம் ஆண்டு முடிவில் ஒன்பது தாள்களில் அரியர். மூன்றாம் ஆண்டில் அவன் போகவில்லை. இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் நிற்கிறான். நம்மைக் கண்டால் இன்றும் எழுந்து நின்று ஸலாம் சொல்கிறான். அவன் கோபித்திருந்தால் நமக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஆலோசனை கேட்கப்படுபவர் ஓர் அமானிதத்தைச் சுமக்கிறார் என்ற பொருளில் நபிமொழி உண்டு என்பதை மேடைகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அமானிதம் என்றவுடன் பணப்பெட்டியையும் நகையையுமே நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பையனின் மூன்று ஆண்டுகள் நம் கணக்குப் புத்தகத்தில் 'கல்வி உதவி' என்ற தலைப்பின் கீழ்ச் செலவாகப் பதிவாகியிருக்கின்றன, அவ்வளவே.

அஸீஸ் அவர்களின் பணியிலும் எல்லாம் கைகூடிவிடவில்லை. 1961இல் ஸாஹிராவை விட்டு அவர் விலகினார். அதன்பின் அரசுச் சேவை ஆணைக்குழுவில் அமர்ந்தார். 1952 முதல் 1963 வரை செனட்டராகவும் இருந்தார் என்றாலும், அவருடைய அரசியல் வாழ்வைப் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை. எழுத்தைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். 1963இல் வெளிவந்த அவருடைய 'இலங்கையில் இஸ்லாம்' இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 'மிஸ்ரின் வசியம்', 'கிழக்காபிரிக்கக் காட்சிகள்' ஆகிய பயண நூல்களையும் தமிழில் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதி உலகப் பெயர் பெறக்கூடியவர், தம் சமூகத்துப் பிள்ளை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே தமிழைத் தேர்ந்தார் என்று நாம் கருதுகிறோம். 1973 நவம்பர் 24 அன்று இறையடி சேர்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் மறைவுக்குப் பின் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. கேம்பிரிட்ஜில் முடிக்காமல் விட்டு வந்தவருக்குச் சொந்த ஊர் அளித்த பட்டம்.

தமிழகத்தில் இத்தகையவர் இல்லையா என்று கேட்கலாம். நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955இல் சென்னை தேனாம்பேட்டையில் பெண்களுக்கெனக் கல்லூரி தொடங்கியபோது, பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பத் தயங்கிய பெற்றோரின் அச்சத்தை அறிந்து அதற்கு ஒரு வழி செய்தார். திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக் கல்லூரியும் 1951இல் எழுந்தவை. கட்டடம் எழுப்புவதில் நம் செல்வந்தர்கள் என்றும் பின்வாங்கியதில்லை. ஆனால் கட்டடத்தின் கல்வெட்டில் பெயர் பொறிக்க இடமுண்டு. ஒரு மாணவனுடன் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசியவரின் பெயரை எங்கே பொறிப்பது? இந்தப் பணிக்கு ஆள் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நமக்கு ஓர் ஐயம் உண்டு.

மறுநாள் காலை வட்டக்கானலில் மேகம் இல்லை. பாறைப் பக்கம் நடக்கும்போது அந்தப் பெண்ணும் அவளுடைய அத்தாவும் நம்முடன் வந்தார்கள். நாம் எந்தப் படிப்பின் பெயரையும் சொல்லவில்லை. பள்ளியில் எந்தப் பாட வேளைக்காகக் காத்திருப்பாய் என்று மட்டும் கேட்டோம். சற்றுத் தயங்கி, வரலாறு என்றாள். ஏன் என்று கேட்டதும், பத்து நிமிடம் நிற்காமல் பேசினாள். அவளுடைய ராதிமா சொன்ன கதைகளிலிருந்து தொடங்கினாள். தம் குடும்பம் எந்த ஊரிலிருந்து எப்போது இங்கே வந்தது, ராவுத்தர்கள் என்ற பெயர் எங்கிருந்து வந்தது, ஊர்ப் பள்ளிவாசலின் பழைய கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்றெல்லாம் அவளுக்குக் கேள்விகள் இருந்தன. அவளுடைய அத்தா வழியில் நின்றுவிட்டார். "இதெல்லாம் எங்கிட்ட நீ கேட்டதே இல்லையேம்மா" என்றார். "கேட்டா, போய்ப் படின்னு சொல்லிடுவீங்க அத்தா" என்றாள்.

வரலாறு படித்து என்ன செய்வாள் என்ற கேள்வியை அவர் எழுப்பத்தான் செய்தார். அது நியாயமான கேள்வி. பெற்றவர் கேட்காமல் யார் கேட்பது? ஆசிரியப் பணி, போட்டித் தேர்வுகள், தொல்லியல், ஆவணக் காப்பகம், நூலகம் என்று நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். தெரியாததைத் தெரியாது என்றோம். அந்தத் துறையில் பணியாற்றும் இரண்டு பேரின் எண்ணைத் தருவதாகவும் சொன்னோம். அஸீஸ் அவர்களும் படித்தது வரலாறுதான் என்று நாம் சொன்னபோது, "யாரு அஸீஸ்?" என்றார். வேன் வரும்வரை அவருக்குச் சொல்ல நமக்குக் கதை இருந்தது.

இறங்கும் முன் வண்டியைத் திருப்பி அட்டுவம்பட்டிக்குப் போகச் சொன்னவர் அவரே. 1984இல் தமிழ்நாட்டின் முதல் மகளிர் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட அன்னை தெரசா பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. வாயிலில் இறங்கி மரங்களுக்கிடையே தெரிந்த கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் இல்லை. இங்கேதான் சேர்ப்பதென்று அவர் முடிவு செய்துவிடவில்லை. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் உள்ள கல்லூரிகளையும் பார்க்க வேண்டும் என்றார். எனினும் காவலாளியிடம், விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போக எந்த நேரத்தில் பேருந்து, குளிருக்கு வெந்நீர் உண்டா, அசைவம் யார் சமைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். முந்தின நாள் ஹாஸ்டல் என்ற சொல்லையே கேட்க விரும்பாதவர் அவர்.

மலையிறங்கும்போது மகளிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, கல்லூரிகளில் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொள்ளச் சொன்னார். வளைவுகளில் வண்டி ஆட ஆட அவள் எழுதினாள். பெரியப்பா ஒன்று சொன்னார், மாமு ஒன்று சொன்னார். அவள் சிலவற்றை எழுதினாள், சிலவற்றை எழுதவில்லை. வத்தலக்குண்டில் மஃரிபுக்காக வண்டி நின்றபோது தாளின் மறுபக்கமும் பாதி நிரம்பியிருந்தது.